சம்பள மென்பொருளைச் சோதிக்க எறும்பு, தேனீ, மரபணு அல்காரிதங்கள் உதவுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பிறகு படிக்க வருகிறவர்களுக்கும் புரியட்டும். சிங்கப்பூரில் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் டெஸ்டராக வேலை பார்க்கிறீர்கள். மாலை வகுப்பில் முதுகலை படிக்கிறீர்கள். இறுதி ப்ராஜெக்டுக்கு, உயிரினங்களைப் பார்த்து உருவான அல்காரிதங்களை மென்பொருள் சோதனையில் பயன்படுத்துவது என்ற தலைப்பை எடுத்திருக்கிறீர்கள். மரபணு, எறும்பு, தேனீ, குயில், வௌவால், சாம்பல் ஓநாய், மியூடேஷன் டெஸ்டிங் என்று ஒரு வரிசை போட்டு, "இவற்றில் எது சிறந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். யூனிட் டெஸ்ட்களை (நிரலின் சின்னத் துண்டுகளைச் சோதிப்பவை) தானாக எழுதும் கருவிகள் பற்றியும் விசாரித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: "இது எங்கள் ஆபிசில் ஒரு பிழையையாவது கண்டுபிடிக்குமா, இல்லை மார்க் வாங்க மட்டும்தானா?" நான் அந்த வரிக்குப் பதில் எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், கண்டுபிடிக்கும். ஆனால் சில வகைப் பிழைகளை மட்டும். எந்த உயிரினத்தின் பெயரில் அல்காரிதம் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. ஒரு டெஸ்ட் உள்ளீடு இலக்குக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதை அல்காரிதத்துக்கு எண்ணாகச் சொல்ல உங்களால் முடிகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் பல வருடங்களாக நிதித் துறையின் பின்னணி மென்பொருள்களைச் சோதித்து வருகிறேன். அதனால் கணக்குப் போடும் மென்பொருள் பற்றிச் சொல்வது கைப்பழக்கத்தில் வந்தது. கார், மொபைல் ஆப் பற்றிக் கீழே சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் துறை நீங்கள் நினைப்பதைவிடப் பழையது. 1976-இல் வெப் மில்லர், டேவிட் ஸ்பூனர் இருவரும் டெஸ்ட் உள்ளீடு தேடுவதை ஒரு கணித உச்சம் தேடும் வேலையாக மாற்றிக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜான் ஹாலண்டின் மரபணு அல்காரிதப் புத்தகம் (நல்ல விடைகளை வைத்துக்கொண்டு, கலந்து, மாற்றி, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் முறை) வந்திருந்தது, ஆனால் இவர்கள் அதைத் தொடவில்லை. 1990-இல் போக்டான் கோரல், நிரலை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு நிபந்தனையும் எவ்வளவு தூரத்தில் தவறியது என்று அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1992-இல் மரபணு அல்காரிதம் இதற்குள் வந்தது. 2001-இல் மார்க் ஹார்மனும் ப்ரையன் ஜோன்ஸும் இந்த மொத்த அணுகுமுறைக்கும் தேடல்வழி மென்பொருள் பொறியியல் என்று பெயர் வைத்தார்கள். இந்த வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள்: தூரத்தை அளக்கும் யோசனை முதலில் வந்தது, உயிரியல் பிறகுதான் வந்தது.

உங்கள் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். 55 வயது வரை உள்ள சிங்கப்பூர்க் குடிமகனுக்கு மத்திய சேமநிதியில் முதலாளி 17 விழுக்காடு, ஊழியர் 20 விழுக்காடு, மொத்தம் 37. ஆனால் மாதச் சம்பளம் 500 வெள்ளி வரை ஊழியர் பங்கு கிடையாது. 500-க்கு மேல் 750-க்குக் கீழ் என்றால் அவர் பங்கு படிப்படியாக ஏறும்: 500-க்கு மேலே உள்ள தொகையை 0.6-ஆல் பெருக்க வேண்டும். 750-இலிருந்து முழு 20 விழுக்காடு. வயது 55, 60, 65, 70 தாண்டும்போது விகிதம் மாறும், அதுவும் பிறந்தநாள் வரும் மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து. நிரந்தரவாசியாக இருந்தால் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு விகிதங்கள் வேறு. இதற்கு மேல் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பிடித்தம் சம்பளப் படிக்கு ஏற்ப மாறும். இப்போது ஒரு குறிப்பிட்ட மூலையைச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் ஆண்டு நிரந்தரவாசி, இந்த மாதம்தான் 55 நிறைகிறது, சம்பளம் 500-க்கும் 750-க்கும் நடுவில்.

கண்ணை மூடிக்கொண்டு உள்ளீடு கொடுத்தால் இந்த மூலை எப்போது அகப்படும்? சம்பளத்தை 0 முதல் 20,000 வெள்ளி வரை எடுத்தால் அந்த 250 வெள்ளி இடைவெளி 80-இல் ஒரு பங்கு. வயதை 20 முதல் 75 வரை எடுத்தால் 660 மாதங்களில் ஒரு மாதம். குடிமகன், முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, அதற்குப் பிந்தைய நிரந்தரவாசி என்று நான்கு நிலைகளில் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 2 லட்சத்து 11 ஆயிரத்தில் ஒன்று. இதைக் கேட்டதும் மரபணு அல்காரிதம் வேண்டும் என்று குதித்துவிடாதீர்கள். கணக்குப் போடும் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட முடிந்தால் 2 லட்சம் முறை ஓட்டுவது கணினிக்குச் சில வினாடி வேலை. அப்போது எந்த எறும்பும் வேண்டாம், குருட்டாம்போக்கே போதும். ஆனால் ஒவ்வொரு டெஸ்டும் உலாவியைத் திறந்து, திரையில் நிரப்பி, பட்டனை அழுத்தி 3 வினாடி எடுக்கிறது என்றால் அதே 2 லட்சம் ஒரு வாரத்தை விழுங்கிவிடும். ஒரு முறை ஓட்ட ஆகும் செலவு அதிகமாக இருக்கும்போதுதான் புத்திசாலித்தனமான தேடலுக்கு மதிப்பு வருகிறது. ப்ராஜெக்டைத் தொடங்குமுன் இதை அளந்துவிடுங்கள். பலர் அளப்பதில்லை.

சரி, தேடல் தேவைதான் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் அந்தத் தூரம் வருகிறது. வீவக பேட்டையில் (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில்) 412-ஆம் புளோக்கைத் தேடுகிறவர் 405, 408 என்று எண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார், சரியான பக்கம்தான் போகிறோம் என்று தெரிகிறது. எண்ணை எல்லாம் அழித்துவிட்டால் ஒவ்வொரு புளோக்காக ஏறி விசாரிக்க வேண்டியதுதான். நிரலுக்குள் "சம்பளம் 750-க்குக் கீழ்" என்ற நிபந்தனை 4,000 வெள்ளி உள்ளீட்டில் பொய்யாகிறது, தூரம் 3,250. அடுத்த தலைமுறையில் 2,900 வெள்ளி வந்தால் தூரம் 2,150. இரண்டுமே நிபந்தனையில் தோற்றவைதான், ஆனாலும் இரண்டாவது உயிர் பிழைத்துக் குட்டி போடத் தகுதியானது என்று அல்காரிதத்துக்குத் தெரிந்துவிடுகிறது. பிறந்தநாளுக்கும் இப்படியே, மாதங்களில் தூரம். இரண்டையும் அப்படியே கூட்டினால் ஆயிரக்கணக்கில் வரும் சம்பளத் தூரம், இரண்டு மூன்று இலக்கத்தில் வரும் மாதத் தூரத்தை அமுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு தூரத்தையும் அதனோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, 0-க்கும் 1-க்கும் நடுவில் கொண்டுவந்த பிறகு கூட்டுவது வழக்கம். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் "அல்காரிதம் சரியாக ஓடவில்லை" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிரலில் எண் அழிந்த புளோக்குகளும் நிறைய உண்டு. "தகுதி உண்டா" என்று முன்னாலேயே கணக்குப் போட்டு ஆம் அல்லது இல்லை என்று ஒரு மாறியில் வைத்துவிட்டு, பிறகு அந்த மாறியை மட்டும் பார்க்கும் நிரல் ஒன்று. அங்கே தூரம் ஒன்று அல்லது பூச்சியம், நடுவில் எதுவும் இல்லை. குடியுரிமை நிலை போன்ற வகைப் பெயர்கள் இன்னொன்று. நான்கே நிலைகள் என்றால் நான்கையும் சுற்றில் ஓட்டிவிடுங்கள், அதைத் தேட வேண்டாம். மூன்றாவது, சரிபார்ப்பு எழுத்து. நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்து, ஏழு இலக்கங்களையும் 2, 7, 6, 5, 4, 3, 2 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்த மீதியிலிருந்து வருவது. ஓர் இலக்கத்தை மாற்றினால் எழுத்து தாவிவிடும். அருகில் வந்தோம் என்ற பேச்சே இல்லை. பரிணாம வளர்ச்சியை இதில் மோதவிட்டால் பெரும்பாலான குட்டிகள் உள்ளீட்டுத் திரையிலேயே செத்துப்போகும். இலக்கங்களை மட்டும் அல்காரிதம் மாற்றட்டும், கடைசி எழுத்தை நீங்கள் எழுதும் நாலு வரி நிரல் கணக்கிட்டு ஒட்டட்டும். வாடிக்கையாளர்களின் உண்மையான அடையாள எண்களைச் சோதனைத் தரவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உங்கள் ஆபிசில் இருந்தால், இதையே சாக்காக வைத்து நிறுத்துங்கள்.

பரிணாமம் மென்பொருள் சோதனையில் சந்தேகமில்லாமல் வென்ற இடம் ஒன்று உண்டு. அதில் ஈடுபட்டவர்கள் அதை உயிரியல் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. ஃபஸ்ஸிங் என்கிறார்கள். விஸ்கான்சினில் பார்ட்டன் மில்லர் 1988-இல் மாணவர்களுக்குக் கொடுத்த வகுப்பு வேலையிலிருந்து தொடங்கியது. யுனிக்ஸ் நிரல்களுக்குக் குப்பை எழுத்துகளை ஊட்டி எது விழுகிறது என்று பார்த்தார்கள். அதில் தேர்வு என்பது இல்லை, வெறும் குருட்டு மாற்றம். 2013-இல் மிகால் ஸலேவ்ஸ்கி வெளியிட்ட ஏஎஃப்எல் என்ற கருவி அதில் ஒரே ஒரு விஷயத்தைச் சேர்த்தது: ஒரு மாற்றம் நிரலுக்குள் இதுவரை போகாத வழியில் போனால் அந்த உள்ளீட்டைப் பத்திரப்படுத்து, அடுத்த மாற்றங்களை அதிலிருந்து தொடங்கு. மாற்றம், தேர்வு, சந்ததி மூன்றும் வந்துவிட்டன. 2014-இல் அவர் "ஹலோ" என்ற ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல் மட்டும் இருந்த ஒரு கோப்பை ஜேபெக் படம் வாசிக்கும் நிரலுக்குக் கொடுத்து ஓடவிட்டார். படக் கோப்பு எப்படி இருக்கும் என்று கருவிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிரலின் கிளைகளில் (நிபந்தனை ஆம், இல்லை என்று பிரியும் வழிகளில்) முட்டி மோதியே, செல்லுபடியாகும் ஜேபெக் படங்களை அது உருவாக்கிவிட்டது. இந்த ப்ராஜெக்டுக்கு ஒரு முன்னுரை தேவைப்பட்டால் அந்தச் சம்பவத்தைப் போடுங்கள்.

அதன் அடுத்த கட்டத்தில் நம் ஊருக்குப் பங்கு உண்டு, உங்கள் பேராசிரியர் நிச்சயம் சொல்லியிருப்பார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்செல் போமே, வான்-துவான் ஃபாம், அபிக் ராய்சௌத்ரி மூவரும் 2016-இல் ஏஎஃப்எல்ஃபாஸ்ட்டை வெளியிட்டார்கள். எல்லோரும் திரும்பத் திரும்ப நடக்கும் வழிகளிலேயே கருவி நேரத்தை வீணாக்குகிறது, அரிதாக நடக்கப்படும் வழிகளில் போன உள்ளீடுகளுக்கு அதிக வாய்ப்புக் கொடு என்பதுதான் சாரம். மாற்றும் முறையை அவர்கள் தொடவேயில்லை; எந்த விதையை (பத்திரப்படுத்திய உள்ளீட்டை) எப்போது எடுப்பது, அதற்கு எத்தனை குட்டி என்பதை மட்டும் மாற்றினார்கள். 2017-இல் அதே குழு சார்ந்தவர்கள் கொண்டுவந்த ஏஎஃப்எல்கோ, நிரலின் ஒரு குறிப்பிட்ட வரியை நோக்கிப் போகும். அதில் பயன்பட்ட தந்திரம் உலோகத்தை மெல்ல ஆறவிடுவதிலிருந்து வந்தது. இது எறும்பா உலோகமா என்று யாரும் கேட்கவில்லை, பிழை கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

ஆனால் ஃபஸ்ஸிங்கின் வெற்றிக்குப் பின்னால் இலவசமாகக் கிடைத்த ஒரு வசதி இருக்கிறது. நிரல் நொறுங்கி விழுந்தால் அது பிழை. யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சம்பள மென்பொருள் நொறுங்காது. அமைதியாகத் தப்பான தொகையைக் காட்டும். மாதம் 3,999 வெள்ளி வாங்கும் 40 வயதுக் குடிமகனை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்படி மொத்தச் சேமநிதித் தொகையை அருகிலுள்ள முழு வெள்ளிக்குக் கொண்டுவர வேண்டும்: 1,479.63 என்பது 1,480. ஊழியர் பங்கில் காசை விட்டுவிட வேண்டும்: 799.80 என்பது 799. மிச்சம் 681 முதலாளி பங்கு. முதலாளியின் 17 விழுக்காட்டைத் தனியாகக் கணக்கிட்டு முழு வெள்ளியாக்கும் நிரல் 679.83 என்பதை 680 என்று காட்டும். ஒரு வெள்ளி குறைகிறது. எல்லாக் கிளைகளும் ஓடியிருக்கும், கவரேஜ் (நிரலில் எவ்வளவு பகுதி ஓடியது என்ற அளவு) 100 விழுக்காடு என்று அறிக்கை பச்சையாக இருக்கும், எந்த அல்காரிதமும் வாயைத் திறக்காது. ஏனென்றால் எது சரி என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. துறையில் இதை ஆரக்கிள் பிரச்சினை என்கிறார்கள். இதற்குப் பொதுவான தீர்வு இன்றுவரை இல்லை. இது நிச்சயம்.

பொதுத் தீர்வு இல்லாவிட்டாலும் நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. சரியான விடையைச் சொல்ல முடியாவிட்டாலும், விடைகளுக்கு இடையில் இருக்க வேண்டிய உறவுகளைச் சொல்லலாம். இரு பங்குகளின் கூட்டுத்தொகை, தனியாகக் கணக்கிட்டு முழு வெள்ளியாக்கிய மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 3,999 வெள்ளிப் பிழையை இந்த ஒரு விதி உடனே பிடித்துவிடும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சம்பளம் ஏறினால் மொத்தத் தொகை இறங்கக் கூடாது. மாதச் சம்பள உச்சவரம்பைத் தாண்டினால் தொகை நின்றுவிட வேண்டும். 2026 ஜனவரி முதல் அது 8,000 வெள்ளி என்பதால் 8,000-க்கும் 9,500-க்கும் ஒரே தொகை வர வேண்டும். இந்த விதிகளை மீறும் தூரத்தையே தகுதி மதிப்பாக (எது உயிர் பிழைக்கும் என்று முடிவு செய்யும் எண்ணாக) அல்காரிதத்திடம் கொடுக்கலாம், இதில் முழு வெள்ளியாக்குவதற்கு முன் உள்ள எண்களைக் கொடுத்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற சரிவு இன்னும் நன்றாகத் தெரியும். என் அனுபவத்தில், பரிணாமத் தேடலைக் கணக்கு மென்பொருளில் பயனுள்ளதாக்கியது இந்த விதிகளை எழுத உட்கார்ந்த நேரம்தான். சொல்லப்போனால் விதிகளை எழுதும்போதே பாதிப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும், தேடல் தொடங்குவதற்கு முன்னாலேயே.

யூனிட் டெஸ்ட்களைத் தானாக எழுதித் தரும் கருவிகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜாவாவுக்கு கோர்டன் ஃப்ரேசரும் ஆண்ட்ரியா அர்குரியும் 2011-இல் கொண்டுவந்த எவோசூட் முக்கியமானது. தனித்தனி டெஸ்டாக வளர்க்காமல் டெஸ்ட் தொகுப்பு முழுவதையும் ஓர் உயிராக எடுத்து வளர்ப்பது அதன் புதுமை. பைத்தானுக்கு பின்குயின் இருக்கிறது. இவை கவரேஜ் நன்றாகத் தரும், அதில் சந்தேகமில்லை. பிழை கண்டுபிடிப்பதில் படம் மங்கலாகிறது. 2015-இல் வந்த ஓர் ஆய்வில், டிஃபெக்ட்ஸ்ஃபோர்ஜே தொகுப்பின் 357 உண்மையான பிழைகளில் மூன்று கருவிகள் சேர்ந்து 55.7 விழுக்காட்டைப் பிடித்தன. ஆனால் உருவாக்கிய டெஸ்ட் தொகுப்புகளைத் தனித்தனியாக எடுத்தால் 19.9 விழுக்காடுதான் தன் பிழையைப் பிடித்தது. அதாவது ஒரு முறை ஓட்டிவிட்டு நம்பிக்கையோடு தூங்கப் போக முடியாது. 2013-இல் ஃப்ரேசர் குழு மனிதர்களை வைத்துச் செய்த சோதனையில், எவோசூட்டைப் பயன்படுத்தியவர்களுக்குக் கவரேஜ் கூடியது, கண்டுபிடித்த பிழைகளின் எண்ணிக்கையில் அளக்கத்தக்க முன்னேற்றம் வரவில்லை. தங்கள் கருவியைப் பற்றித் தாங்களே அப்படி வெளியிட்டது எனக்கு அவர்கள்மேல் மதிப்பைக் கூட்டியது.

இன்னொரு 2015 ஆய்வை உங்கள் பேராசிரியர் கட்டாயம் கேட்பார்: பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட் ஓரியண்டட்) நிரல்களில் மரபணு அல்காரிதமும் வெறும் குருட்டுத் தேடலும் ஏறக்குறைய ஒரே கவரேஜைத் தந்தன. காரணம், அந்த நிரல்களின் பெரும்பாலான கிளைகளில் நான் மேலே சொன்ன தூரமே இல்லை. சரிவு இல்லாத சமவெளியில் பரிணாமமும் குருட்டு நடைதான்.

இப்போது உங்கள் விலங்குக் காட்சிசாலைக்கு வருவோம். எறும்புக் கூட்ட முறையை மார்கோ டொரிகோ 1992-இல் தன் முனைவர் ஆய்வில் முன்வைத்தார். துகள் திரள் முறை 1995-இல் வந்தது. இரண்டுக்கும் உருப்படியான உள்ளடக்கம் உண்டு. எறும்பு முறை, வரிசையாக அடி எடுத்து வைக்கும் வேலைகளுக்குப் பொருந்தும்: திரைகளை எந்த வரிசையில் கடப்பது, டெஸ்ட்களை எந்த வரிசையில் ஓட்டுவது போன்றவை. அதிலும், டெஸ்ட்களை முன்னுரிமைப்படி அடுக்குவதில், ஒவ்வொரு முறையும் இப்போதைக்கு அதிகம் கவர் செய்யும் டெஸ்டை எடுத்துக்கொள் என்ற எளிய பேராசை முறையே ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று 2007-இலேயே காட்டியிருக்கிறார்கள். குயில், வௌவால், மின்மினி, ஓநாய், திமிங்கிலம் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை. கென்னத் சோரென்சன் இந்த உவமைப் பெருக்கத்தை 2015-இல் கடுமையாகச் சாடினார். பிறகு டொரிகோவே சகாக்களோடு சேர்ந்து, சாம்பல் ஓநாய், வௌவால், மின்மினி உள்ளிட்ட ஆறு முறைகளைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது ஏற்கனவே தெரிந்த யோசனைகள்தான் என்று எழுதினார். எறும்பைக் கொண்டுவந்தவரே சொல்கிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். "எங்கள் புதிய பறவை அல்காரிதம் மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது" என்று முடியும் கட்டுரைகளில், எதிர்த்தரப்பு அல்காரிதத்தைச் சரியாக டியூன் செய்தார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்படும்.

மியூடேஷன் டெஸ்டிங்கையும் இந்த வரிசையில் போட்டிருக்கிறீர்கள். பெயர்தான் உயிரியல், வேலை வேறு. 1978-இல் டிமில்லோ, லிப்டன், சேவார்ட் மூவரும் முன்வைத்த இந்த முறையில் மாற்றம் உள்ளீட்டில் நடப்பதில்லை, நிரலில் நடக்கிறது. "பெரியது" என்பதை "பெரியது அல்லது சமம்" என்று மாற்றிவிட்டு, உங்கள் டெஸ்ட்கள் அலறுகின்றனவா என்று பார்ப்பார்கள். அலறவில்லை என்றால் உங்கள் டெஸ்ட்கள் பலவீனம். வயது 55 எல்லையில் இது அருமையாக வேலை செய்யும். இதை உங்கள் ப்ராஜெக்டில் போட்டியாளராக வைக்காதீர்கள், அளவுகோலாக வையுங்கள்: தேடல் உருவாக்கிய டெஸ்ட்கள் எத்தனை மாற்று நிரல்களைக் கொன்றன என்பது, கவரேஜைவிட நேர்மையான மதிப்பெண்.

நான் நேரில் தொடாத துறைகளில் ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தகுதி மதிப்பு என்றால் என்ன என்பதை இதைவிட அழகாக விளக்க முடியாது. 2000-களின் தொடக்கத்தில் டைம்லர்கிறைஸ்லரில் ஜோக்கிம் வெகனரும் சகாக்களும் தானாக வண்டி நிறுத்தும் அமைப்பைப் பரிணாம முறையில் சோதித்தார்கள். வண்டிக்கும் பக்கத்து வண்டிக்கும் இடையில் உள்ள தூரம்தான் மதிப்பு. அது குறையக் குறைய உயிர் பிழைக்கும். பூச்சியத்தைத் தொட்டால் மோதல், அதாவது பிழை. தேடலுக்கான தூரமும் தீர்ப்பும் ஒரே எண்ணில் வந்துவிட்டன. சம்பளத் துறையில் அவ்வளவு வசதியாகக் கிடைப்பது ஓட்ட நேரம். எந்த மாதிரி ஊழியர் கலவையில் மாதக் கடைசிச் சம்பள ஓட்டம் மிக மெதுவாகிறது என்று தேடுவதற்குக் கடிகாரமே போதும். பின்தேதியிட்ட சம்பள உயர்வுகள், பாதி மாதத்தில் சேர்ந்தவர்கள், பல வேலை ஒப்பந்தம் உள்ளவர்கள் என்று கலவை விசித்திரமாக ஆக நேரம் எப்படி எகிறுகிறது என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆபிசில் பயன் தெரிய வேண்டும் என்றால் இங்கே தொடங்குங்கள்.

ப்ராஜெக்டுக்கு என்ன செய்வீர்கள்? இத்தனை விலங்குகளை ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு எளிய மரபணு அல்காரிதம், அதோடு ஒரு மலையேற்றத் தேடல் (இருக்கும் இடத்திலிருந்து சற்று மேலான பக்கமாகவே நகரும் தேடல்), அதோடு குருட்டுத் தேடல், மூன்றுக்கும் ஒரே நேர அளவு. மாற்ற வேண்டியது தகுதி மதிப்பு: கவரேஜ் மட்டும் ஒரு பக்கம், கிளைத் தூரம் ஒரு பக்கம், மேலே சொன்ன உறவு விதிகளின் மீறல் இன்னொரு பக்கம். எது அதிகப் பிழை பிடிக்கிறது என்று பாருங்கள். மூன்றாவதுதான் வெல்லும் என்பது என் ஊகம், நிரூபணம் உங்கள் வேலை. ஒவ்வொன்றையும் குறைந்தது 30 முறை வெவ்வேறு விதை எண்களோடு (குலுக்கலைத் தொடங்கி வைக்கும் எண்களோடு) ஓட்டுங்கள். இவை சீட்டுக் குலுக்கும் முறைகள் என்பதால் ஒரு முறை ஓட்டி வந்த எண்ணுக்கு மதிப்பில்லை. அர்குரியும் லியோனெல் பிரியாண்டும் 2011-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறார்கள். வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க மான்-விட்னி சோதனையும், எவ்வளவு பெரியது என்று பார்க்க வர்கா-டெலேனி அளவும் போதும். குறுக்கு இனக்கலப்பை (இரண்டு உள்ளீடுகளைக் கலந்து புதியது உண்டாக்குவதை) அணைத்துவிட்டும் ஒரு சுற்று ஓட்டுங்கள். உங்கள் உள்ளீட்டில் வயதும் சம்பளமும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் இனக்கலப்பு உதவலாம். ஃபஸ்ஸிங் உலகில் பெரும்பாலும் மாற்றத்தை வைத்தே வண்டி ஓடுகிறது. இதில் பொதுவாக இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதையெல்லாம் தொடங்குமுன் ஆபிஸ் நிரலைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோக எழுத்து மூலமாக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிச் சம்மதம் உங்கள் மேலாளர் மாறினால் மாறிவிடும். கிடைக்காவிட்டால் கவலை இல்லை, சேமநிதி விதிகள் எல்லோருக்கும் தெரிந்த பொது விதிகள்தானே. 200, 300 வரியில் நீங்களே ஒரு கணக்கு நிரல் எழுதி, நீங்கள் வேலையில் பார்த்த வகைப் பிழைகளை வேண்டுமென்றே அதில் விதைத்து வைக்கலாம். விதைக்கும் வேலையை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள். பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விதிகளை எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே அதைத்தான் பிடிப்பார்.